வீட்டுக் கொல்லைப் பறவைகளைப் பார்க்கவும் படமெடுக்கவும்: படிப்படியான முழு வழிகாட்டி

கொல்லைப் பறவைகளைப் படமெடுக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். கேமராவைத் தூக்கிக்கொண்டு பறவை இருக்கும் இடத்துக்குப் போகிறார்கள். அது பறந்துவிடுகிறது. மிஞ்சுவது ஒரு வால், அல்லது கிளைகளுக்கு நடுவே ஒரு கறுப்புப் புள்ளி. செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிரானது. நல்ல வெளிச்சமும் நல்ல பின்னணியும் உள்ள ஓர் இடத்தைத் தயார் செய்துவிட்டு, பறவை அங்கே வரும்வரை காத்திருக்க வேண்டும். எப்போது வரும், எதற்காக வரும், வந்தால் முதலில் எங்கே உட்காரும் என்பது தெரிந்தால்தான் இது நடக்கும். அதனால் பார்ப்பது முதலில், படம் பிறகு.

தமிழ்நாட்டுச் சமவெளியில் ஒரு முருங்கை, இரண்டு வாழை, நாலைந்து செம்பருத்தி நிற்கும் சாதாரணக் கொல்லையை மனதில் வைத்து இதை எழுதியிருக்கிறோம். பால்கனி மட்டும் உள்ளவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டியவை

ஒரு நோட்டு, பென்சில். சொரசொரப்பான, அகன்ற மண் தட்டு ஒன்று. விரல் பருமனுள்ள காய்ந்த குச்சிகள் நாலைந்து. மணல் நிரப்பிய பூந்தொட்டி. சன்னலை மறைக்கும் அளவு அடர் நிறப் பழைய துணி.

பைனாகுலர் வாங்குவதானால் 8x42 போதும். எட்டு மடங்கு பெரிதாக்கும்; 42 மி.மீ. முன்வில்லை இருப்பதால் விடியற்கால மங்கலிலும் தெளிவாகத் தெரியும். 12, 16 மடங்கு என்று போனால் கை நடுக்கமும் அதே அளவு பெரிதாகும்.

கேமராவில் 300 மி.மீ. வரை போகும் லென்ஸ் இருந்தால் கொல்லைக்குப் போதுமானது. 600 மி.மீ. வாங்கும் யோசனையை ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள். காரணம் 5ஆம் பகுதியில் இருக்கிறது.

2. முதல் ஒரு வாரம் கேமராவைத் தொட வேண்டாம்

காலை 6 முதல் 7 வரை, மாலை 4.30 முதல் 5.30 வரை, ஒரே இடத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள். இடத்தை மாற்றக் கூடாது. நீங்களும் அந்தக் கொல்லையில் ஒரு பொருள் என்று பறவைகள் பழகிக்கொள்ள நாலைந்து நாள் ஆகும்.

நோட்டில் மூன்று விஷயங்களை மட்டும் எழுதுங்கள்: நேரம், இடம், என்ன செய்தது. "6.20, வாழைப்பூ, தேன்சிட்டு இரண்டு, தலைகீழாகத் தொங்கிக் குடித்தன" என்பது போதும். பெயர் தெரியாவிட்டால் "மைனாவை விடச் சிறியது, வால் தூக்கியது" என்று எழுதுங்கள்.

ஏழாம் நாள் நோட்டைப் புரட்டினால் ஒரு கால அட்டவணை கண்ணில் படும். தேன்சிட்டுகள் அதே பூக்களை ஒரு சுற்று முடித்துவிட்டுத் திரும்பத் திரும்ப வரும். தவிட்டுக்குருவிகள் கூட்டமாக ஒரே பக்க வேலியில் நுழைந்து மறு பக்கம் வெளியேறும். குண்டுக்கரிச்சான் விடியும்போது எப்போதும் அதே உச்சிக் கம்பியில் நின்று பாடும். படத்துக்கான வேலையில் பாதி இந்த நோட்டிலேயே முடிந்துவிடுகிறது.

3. அடையாளம் காணும் வரிசை

புதியவர்கள் நிறத்திலிருந்து தொடங்குவார்கள். நிறம் வெளிச்சத்துக்கு வெளிச்சம் மாறும். அது கடைசியில் வர வேண்டியது.

முதலில் அளவு. சிட்டுக்குருவி, மைனா, காகம் மூன்றையும் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். தேன்சிட்டு சிட்டுக்குருவியை விடச் சிறியது, சுமார் 10 செ.மீ. சின்னான் எனப்படும் கொண்டைக்குருவி மைனாவை விடச் சற்றுச் சிறியது. செம்போத்து காகத்தை விட நீளம். இரண்டாவது அலகு: தேன்சிட்டுக்கு வளைந்த ஊசி, சிட்டுக்குருவிக்குத் தானியம் உடைக்கும் கூம்பு, மீன்கொத்திக்கு ஈட்டி. மூன்றாவது நடத்தை: தரையில் நடக்கிறதா, தத்துகிறதா, வாலை ஆட்டுகிறதா, கம்பியில் இருந்து பாய்ந்து பூச்சி பிடித்து அதே கம்பிக்குத் திரும்புகிறதா? கடைசியில் குரலும் நிறமும்.

அடிக்கடி குழப்பும் சில இணைகள்: ஆண் குயிலும் காகமும். குயிலுக்குக் கண் சிவப்பு, அலகு வெளிறிய பச்சை, வால் நீளம். பெண் குயில் பழுப்பு உடலில் வெள்ளைப் புள்ளிகளோடு இருப்பதால் அது வேறு பறவை என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டுக் காகத்துக்குக் கழுத்து சாம்பல். அண்டங்காக்கை முழுக் கறுப்பு. பெயர்க் குழப்பமும் உண்டு. கரிச்சான் என்பது இரட்டைவால் குருவி. குண்டுக்கரிச்சான் கறுப்பு வெள்ளை உடையில் பாடும் வேறு பறவை.

தவிட்டுக்குருவிகள் தங்களை விடப் பெரிய, உருவமே ஒத்துப்போகாத ஒரு குஞ்சுக்கு இரை ஊட்டுவதைப் பார்த்தால் நின்று கவனியுங்கள். சுடலைக்குயிலும் அக்காக்குருவியும் தவிட்டுக்குருவியின் கூட்டில் முட்டையிட்டுப் போய்விடும், வளர்ப்பது இவைதான். குயில் காகத்தின் கூட்டில் செய்வதும் அதே வேலை.

மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். அது சொன்னதை முடிவாக எடுத்துக்கொள்ளாமல், அந்தப் பறவையைக் கண்ணால் தேடுவதற்கான துப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

4. தண்ணீர்த் தட்டு வைப்பது

தானியத்தை விடத் தண்ணீர் அதிக வகைப் பறவைகளை அழைத்து வரும். தானியத்துக்குச் சிட்டுக்குருவியும் புறாவும் மைனாவும் வரும்; தண்ணீருக்குப் பூச்சி தின்னியும் பழந்தின்னியும் தேன் குடிப்பதும் எல்லாமே வரும்.

தட்டில் தண்ணீர் ஓரத்தில் அரை அங்குலமும் நடுவில் இரண்டு அங்குலத்துக்குள்ளும் இருக்கட்டும். ஆழம் தெரியாத நீரில் சிறு பறவை இறங்காது. வழவழப்பான எவர்சில்வர், பிளாஸ்டிக் பாத்திரங்களில் கால் வழுக்கும். இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விடும். மண் தட்டில் நடுவே ஒரு தட்டையான கல்லை வைத்தால் தேன்சிட்டும் தையல்சிட்டும்கூட அதில் நின்று குளிக்கும்.

புதர் ஓரத்தில் தட்டை ஒட்டி வைக்காதீர்கள். பூனை பதுங்க அந்த மறைவு போதும். புதரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி, தலைக்கு மேலே கிளை உள்ள இடம் சரி. நனைந்த பறவை எழும்பிப் பறக்கத் திணறும். மேலே கிளை இருந்தால் ஒரே தாவலில் தப்பிவிடும்.

தினமும் தண்ணீரைக் கொட்டி, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி மாற்றுங்கள். சோப்பு வேண்டாம். ஒரு வாரம் அப்படியே விட்டால் டெங்குக் கொசு அதில் முட்டையிட்டுப் பொரித்துப் பறந்தேவிடும். எச்சம் கலந்த நீரால் பறவைகளுக்குள் நோயும் பரவும்.

தட்டு வைத்து மூன்று நாளாகியும் ஒன்றும் வரவில்லை என்று இடத்தை மாற்றுவது பரவலான தவறு. பத்து நாளாவது விடுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் ஊசித் துளை போட்டு மேலே கட்டி, இரண்டு விநாடிக்கு ஒரு சொட்டு விழும்படி வைத்தால் இன்னும் சீக்கிரம் வரும். அசையும் நீரின் பளபளப்பும் சத்தமும் தூரத்திலிருந்தே அவற்றை இழுக்கும்.

5. குச்சி, தூரம், பின்னணி

பறவை நேராகத் தண்ணீரில் இறங்குவதில்லை. முதலில் பக்கத்தில் எங்காவது உட்கார்ந்து நாலு பக்கமும் பார்க்கும். அந்த "எங்காவது" எது என்பதை நீங்கள் முடிவு செய்ய முடியும். மணல் தொட்டியில் ஒரு குச்சியைச் செருகி, தட்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, தட்டை விட ஒரு முழம் உயரமாக வையுங்கள். சுற்றிலும் வேறு வசதியான குச்சி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல படம் பெரும்பாலும் இந்தக் குச்சியில்தான் கிடைக்கும்.

குச்சி கேமராவை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. குறுக்காக, லேசாகச் சாய்ந்து இருக்கட்டும். அப்போது பறவை பக்கவாட்டில் உட்காரும். இது ஏன் முக்கியம் என்பதை ஒரு கணக்கு சொல்லும். 300 மி.மீ. லென்ஸ், எஃப் 5.6 (லென்ஸ் துளையின் அளவு; எண் கூடினால் துளை சிறுக்கும், கூர்மையான ஆழம் கூடும்), மூன்று மீட்டர் தூரம் என்றால், ஏபிஎஸ்-சி எனப்படும் நடுத்தர அளவுச் சென்சார் உள்ள கேமராவில் கூர்மையாக விழும் ஆழம் சுமார் 2 செ.மீ. மட்டுமே. பறவை உங்களை நேராகப் பார்த்து உட்கார்ந்தால் அலகு நுனி, கண், தோள், வால் ஒவ்வொன்றும் வேறு வேறு தூரத்தில் இருக்கும். பக்கவாட்டில் உட்கார்ந்தால் எல்லாம் ஒரே தளத்தில் வந்துவிடும்.

தூரத்துக்கும் கணக்கு உண்டு. அதே கேமராவில் மூன்று மீட்டரில் படத்தின் அகலம் சுமார் 23 செ.மீ.; 10 செ.மீ. தேன்சிட்டு அதில் ஏறக்குறைய பாதியை நிரப்பும். ஆறு மீட்டரில் அகலம் 47 செ.மீ. ஆகும், தேன்சிட்டு ஐந்தில் ஒரு பங்குதான். 600 மி.மீ. லென்ஸுக்குக் கொடுக்கும் பணத்தின் வேலையை, குச்சியை மூன்று மீட்டர் கிட்டே நகர்த்துவதே செய்துவிடுகிறது. நகர்த்தும் முன் உங்கள் லென்ஸ் எவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்னணி குச்சியிலிருந்து குறைந்தது நாலைந்து மீட்டர் பின்னால் இருக்க வேண்டும். சுண்ணாம்புச் சுவர் ஒரு முழத்தில் இருந்தால் பறவையின் நிழல் அதில் விழும். சுவரின் கறை, கம்பி, குழாய் எல்லாம் படத்தில் தெரியும். தூரத்து வாழை இலைகள் பின்னால் இருந்தால் மெத்தென்ற பச்சையாகக் கரைந்துவிடும். குச்சி நட்டதும் பறவைக்காகக் காத்திருக்காமல், குச்சியையே ஒரு படம் எடுத்துப் பின்னணியைச் சரிபாருங்கள். கொடியில் காயும் துணியைப் பலரும் படம் எடுத்த பிறகுதான் பார்க்கிறார்கள்.

6. வெளிச்சமும் உட்காரும் இடமும்

சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி அமையுங்கள். சூரியன் எழுந்து அரை மணி கழித்துத் தொடங்கி 8.30 வரை, மாலையில் 4 மணிக்கு மேல். அதற்கு இடைப்பட்ட வெயிலில் பறவையின் தலை நிழல் மார்பில் விழும், கண் குழியில் இருள் நிற்கும். முற்பகலில் எடுத்தே ஆக வேண்டுமென்றால் வெளிச்சமான மர நிழலில் எடுங்கள். இலைகளின் வழியே வெயில் புள்ளி புள்ளியாக விழும் நிழல் மட்டும் வேண்டாம்.

மறைவிடமாக வீட்டு சன்னலே போதும். அறை விளக்கை அணைத்துவிட்டு, துணியைத் தொங்கவிட்டு, லென்ஸ் நுழையும் அளவு துளையிடுங்கள். கம்பிகளுக்கு இடையே லென்ஸை நீட்டலாம். ஆனால் கொசுவலை வழியாக எடுக்கக் கூடாது. வலையே கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் படம் முழுக்க வெளிறிப்போகும். கண்ணாடி வழியாக எடுப்பதானால் லென்ஸை அதில் ஒட்டி, நேர்கோணத்தில் வையுங்கள்.

லென்ஸ் பறவையின் கண் மட்டத்தில் இருக்கட்டும். மேலிருந்து எடுத்தால் முதுகும் தரையும்தான் வரும். சன்னலின் உயரத்துக்கு ஒரு ஸ்டூல் போட்டுத் தட்டையும் குச்சியையும் தூக்கி வைக்கலாம். தவிட்டுக்குருவியும் புள்ளிப்புறாவும் தரையில் மேய்பவை. அவற்றுக்கு நீங்கள்தான் பாய் விரித்துக் கீழே படுக்க வேண்டும்.

7. கேமரா அமைப்பு

ஷட்டர் வேகம்தான் முதலில். அமைதியாக உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/500 விநாடி. தலையை வெடுக் வெடுக்கென்று திருப்புபவை, குளிப்பவை 1/1250. பறப்பது, பூ முன்னால் சிறகடித்து நிற்கும் தேன்சிட்டு 1/2000க்கு மேல். "ஃபோகஸ் சரியில்லை" என்று ஒதுக்கப்படும் படங்களில் நிறைய, உண்மையில் ஷட்டர் வேகம் போதாமல் கலங்கியவை. சரிபார்க்க எளிய வழி: குச்சி கூர்மையாக இருந்து பறவை மட்டும் கலங்கியிருந்தால் அது பறவையின் அசைவு; இரண்டுமே கலங்கியிருந்தால் கை அசைவு.

மேனுவல் மோடில் ஷட்டரையும் எஃப் 5.6 அல்லது 8ஐயும் வைத்துவிட்டு, ஐஎஸ்ஓவை (ஒளிக்கான உணர்திறன்) ஆட்டோவில் விட்டு, உச்ச வரம்பு 3200 அல்லது 6400 கொடுங்கள். ஐஎஸ்ஓ ஏறினால் வரும் புள்ளிகளைக் கணினியில் குறைக்கலாம். கலங்கிய படத்தை மீட்க வழி இல்லை.

ஃபோகஸ், அசையும் பறவையைப் பின்தொடரும் தொடர் ஃபோகஸில் இருக்கட்டும். பறவைக் கண்ணைத் தானே கண்டுபிடிக்கும் வசதி உள்ள கேமராவானால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் ஒற்றைப் புள்ளியைக் கண்ணின் மேல் வையுங்கள். எல்லாப் புள்ளிகளையும் திறந்துவிட்டால் கேமரா தனக்குக் கிட்ட இருக்கும் இலையைப் பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது எக்ஸ்போஷர், அதாவது படத்தின் வெளிச்ச அளவு. தடுமாற்றம் அதிகம் இங்கேதான். கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாகக் காட்டவே முயலும். இரட்டைவால் குருவி படத்தை நிறைத்தால் அதையும் சாம்பலாக்கிவிடும், எக்ஸ்போஷர் காம்பன்சேஷனில் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) மைனஸ் 0.7 முதல் 1 வரை குறையுங்கள். வெளுத்த வானத்தின் முன் உட்கார்ந்திருக்கும் பறவை வெறும் நிழலுருவாகும். பிளஸ் 1 முதல் 1.7 வரை கூட்டுங்கள். குண்டுக்கரிச்சான் ஆண் இரண்டு சிக்கலையும் சேர்த்துத் தரும்: வெள்ளைப் பட்டையை வெளுக்காமல் காப்பாற்றுங்கள், கறுப்பைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம். அதற்காகவே படத்தை ரா (சென்சார் பதிந்த முழுத் தகவலையும் வைத்திருக்கும் கோப்பு) வடிவில் எடுக்க வேண்டும்.

8. பறவைக்குப் பறவை கவனிக்க வேண்டியவை

ஊதாப்பிட்டுத் தேன்சிட்டின் ஆணுக்கு உச்சந்தலை பச்சை, தொண்டை ஊதா. நிழலில் பார்த்தால் இரண்டும் கறுப்புதான். அந்த நிறம் சாயமாக இறகில் இல்லை. இறகின் நுண் அடுக்குகளில் வெளிச்சம் பட்டுத் திரும்பும் கோணத்தில் பிறக்கிறது. பறவை தலையை ஒரு இழை திருப்பினால் மின்னும், இன்னொரு இழையில் அணையும். எனவே சூரியன் முதுகில் இருக்க, தொடர்ந்து பத்துப் பன்னிரண்டு படம் தட்டுங்கள். ஒன்றிரண்டில் தலை பற்றிக்கொள்ளும். பூவை அது சுற்றும் வரிசை உங்கள் நோட்டில் இருக்கிறது. அடுத்து வரப்போகும் பூவின் மேல் முன்கூட்டியே ஃபோகஸ் செய்து வையுங்கள்.

சின்னானின் சிவப்பு வாலடியில் இருக்கிறது. மேலிருந்தோ முதுகுப் பக்கமிருந்தோ எடுத்தால் பழுப்புப் பறவை ஒன்று மட்டுமே வரும். பக்கவாட்டில், ஒரு சாண் தாழ்வாக இருந்து எடுங்கள். பப்பாளிப் பழத்தை மரத்திலேயே கனிய விட்டால் ஒருநாள் முழுக்க அங்கேயே இருக்கும்.

தையல்சிட்டு கிளைக்குக் கிளை தாவிக்கொண்டே இருக்கும், துரத்தினால் கிடைக்காது. குளிக்க வரும்போது எடுப்பதே எளிது.

தவிட்டுக்குருவிகள் ஒன்று வந்தால் மற்றவையும் வரிசையாக வரும். முதலாவது வந்ததும் தட்டத் தொடங்கினால் கூட்டம் கலையலாம். மூன்றாவது வரும்வரை பொறுங்கள். குளித்து முடித்து ஒரே கிளையில் நெருக்கியடித்து, ஒன்றின் கழுத்தை ஒன்று கோதிவிடும் நேரம்தான் படம். இரண்டு மூன்று தலைகள் கூர்மையாக வர எஃப் 8 முதல் 11 வேண்டும்.

அக்டோபர் முதல் மார்ச் வரை கொல்லையின் நிழலான ஒரு மூலையில் சருகைக் கூட்டாமல் விடுங்கள். வலசை வரும் ஆறுமணிக்குருவி சருகைக் கிளறித்தான் புழு பொறுக்கும். அரசவால் ஈப்பிடிப்பானும் அந்த மாதங்களில் மாலை நேரத்தில் தண்ணீரில் பாய்ந்து குளிக்கும்.

9. கையில் செல்போன் மட்டும் இருந்தால்

விரலால் பெரிதாக்கி எடுக்காதீர்கள். அது எடுத்த படத்தை வெட்டுவதற்குச் சமம். போனைச் சிறு ஸ்டாண்டில் தட்டிலிருந்து இரண்டு அடியில் நிறுத்தி, புளூடூத் ரிமோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுங்கள். அல்லது 4கே வீடியோ ஓடவிட்டு நல்ல காட்சியைப் பிரித்தெடுங்கள். முதல் இரண்டு நாள் போன் அளவுள்ள ஒரு கறுப்புக் கட்டையை அதே இடத்தில் வைத்துப் பழக்குங்கள். போன் நிழலில் இருக்கட்டும். வெயிலில் சூடேறி நின்றுவிடும்.

10. செய்யக் கூடாதவை

கூட்டின் அருகே போகாதீர்கள், கிளையை விலக்கிப் படமெடுக்காதீர்கள். நீங்கள் நிற்கும் நேரமெல்லாம் தாய் வெளியே காத்திருக்கும். முட்டை வெயிலில் கிடக்கும். நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள் என்று காகம் கவனித்துக்கொண்டே இருக்கும். விலக்கிய இலை அதற்கு வழிகாட்டிவிடும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதை வேட்டையின் வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது.

செயலியில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்க வேண்டாம். தன் இடத்துக்குப் போட்டி வந்துவிட்டது என்று நினைத்து, இரை தேட வேண்டிய நேரத்தில் அது சண்டைக்குத் திரியும். மிக்சர், உப்புச் சேர்ந்த சோறு, எண்ணெய்ப் பலகாரம் போடாதீர்கள். கம்பு, தினை, நொய் போதும். அன்றன்று தின்று தீரும் அளவே போடுங்கள்.

இறகு முளைத்து, பறக்கத் தெரியாத குஞ்சு தரையில் கிடந்தால் வீட்டுக்குள் எடுத்து வராதீர்கள். பெற்றோர் பக்கத்தில்தான் இருக்கும். பூனைக்கு எட்டாத கிளையில் ஏற்றிவிட்டு விலகி நில்லுங்கள்.

11. பிரிப்பதும் பதிவதும்

ஒரு காலையில் 300 படம் சேரும். அன்றைக்கே பிரித்துவிடுங்கள். முதல் சுற்றில் ஒரே கேள்வி: கண் கூர்மையாக இருக்கிறதா? இல்லையென்றால் அழியுங்கள். இரண்டாம் சுற்றில், கண்ணில் ஒளிப்பொட்டு உள்ளதையும் தலை சற்று நம் பக்கம் திரும்பியதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டும்போது பறவை பார்க்கும் திசையில் இடம் விடுங்கள். 24 மெகாபிக்சல் படத்தை நீள அகலத்தில் பாதியாக வெட்டினாலும் 6 மெகாபிக்சல் மிஞ்சும். அதற்கு மேல் வெட்டினால் இறகின் நுணுக்கம் போய்விடும். நிறத்தை ஏற்றாதீர்கள். ஏற்றிய படத்தை வைத்துப் பிறகு பறவையை அடையாளம் காண முடியாது.

கோப்பின் பெயரில் தேதி, பறவை, ஆண் பெண் மூன்றும் இருக்கட்டும். எத்தனை நிமிடம் பார்த்தீர்கள், எந்தப் பறவை எத்தனை என்பதை, பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இணையதளமான இ-பேர்டில் ஏற்றலாம். ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் பிப்ரவரியில் உலக அளவிலான கொல்லைப்பறவைக் கணக்கெடுப்பும் நடக்கும். 15 நிமிடப் பட்டியலே போதும்.

தேதி போட்ட படங்களின் பயன் ஒரு வருடம் கழித்துத்தான் தெரியும். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஊதாத் தேன்சிட்டு என்ற இன்னொரு வகைத் தேன்சிட்டின் ஆண் தன் மின்னும் கருநீலத்தை உதிர்த்துவிட்டுப் பெண்ணைப் போல வெளிறிப்போகும். தொண்டையிலிருந்து வயிறு வரை ஒரு கருங்கோடு மட்டும் மிஞ்சும். அதைப் புதுப் பறவை என்று எழுதி வைத்திருப்பீர்கள். அடுத்தடுத்த மாதப் படங்களை வரிசையாக அடுக்கிப் பாருங்கள், அந்தக் கோட்டின் இரு பக்கமும் நீலம் திட்டுத்திட்டாகப் பரவி மீண்டும் உடலை மூடுவது தெரியும்.